நீக்கிய சொல்

கால்நடை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஷாஜிதாவிடம் தேடக் கற்றுக்கொண்டவர்கள் பலர். அவர்களில் வயதில் மூத்தவர் டாக்டர் முத்திருளப்பன். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஷாஜிதாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஷாஜிதா அந்தக் கல்லூரியின் நூலகர். நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உலகெங்கும் வெளியாகும் கால்நடை ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையத் தரவுத்தளங்களுக்குக் கல்லூரி சந்தா கட்டியிருந்தது. அவற்றில் வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது என்று ஷாஜிதா வகுப்பெடுப்பார். மாணவர்கள் தங்களுக்குள் அவரைச் ‘சாமியார்’ என்று சொல்லிக்கொள்வார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார். திருப்பிக் கேட்பார், அல்லது சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வார், அல்லது எழுந்து போய்விடுவார்.

முத்திருளப்பன் நெடுங்குறிச்சி மருந்தகத்தின் கால்நடை மருத்துவர். வறண்ட சீமை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சீமைக் கருவேலம். முந்தைய ஆண்டு கல்லூரியில் நடந்த பயிற்சி முகாமில் ஷாஜிதாவின் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு. பாதி தூங்கிவிட்டார்.

ஒரு கோடைக் காலை அவர் நூலகத்துக்கு வந்தார். மாணவர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு ஷாஜிதாவின் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

“மேடம், உங்க டேட்டாபேஸ்ல ஒண்ணுமே இல்லை.”

“உட்காருங்க டாக்டர். எதைத் தேடினீங்க?”

“நோயை.”

“எந்த நோயை?”

“அது தெரிஞ்சா நான் எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரேன்?”

“தெரியாத நோயோட பேரை எப்படி அடிச்சீங்க?”

முத்திருளப்பன் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

நெடுங்குறிச்சியில் கறவை மாடுகள் ஒவ்வொன்றாக மெலிந்துகொண்டு வந்தன. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கீழ்த்தாடை தொங்கியது. ஊரில் யாரோ வெறிநாய்க்கடி என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் ஊரைப் பிடித்துக்கொண்டது. மாட்டின் வாயில் கைவிட்டவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டார்கள். பால் சொசைட்டி நெடுங்குறிச்சிப் பாலை வாங்க மறுத்தது. குழந்தைகளுக்குக்கூட அந்தப் பாலைக் கொடுக்கப் பயந்து சாக்கடையில் ஊற்றினார்கள். அடிமாட்டு வியாபாரி லாரியோடு ஊர் எல்லையில் வந்து நின்றான்.

இறந்துபோன ஒரு மாட்டின் மூளையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார் முத்திருளப்பன். வெறிநோய் இல்லை என்று வந்தது. அதை ஊர் நம்பவில்லை.

“இல்லைன்னா வேற என்ன சார்னு கேக்குறாங்க. என்கிட்ட பதில் இல்லை. வெறிநோயா இருந்தா இத்தனை நாள் மாடு உயிரோட நிக்காதுன்னு சொன்னேன். அப்ப என்னன்னு சொல்லுங்கன்னு திரும்பக் கேக்குறாங்க.”

“இங்கே எதைத் தேடினீங்க?”

“வெறிநோய், கோமாரி, தாடைக்கட்டி, நாக்குக்கட்டி. எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும்.”

“எல்லாத்துக்கும் கட்டுரை வந்ததா?”

“ஆயிரக்கணக்குல வந்தது. எதுவும் என் மாடு இல்லை.”

ஷாஜிதா கையை நீட்டிக் கணினித் திரையை அணைத்தார்.

“மாடு என்ன செய்யுது?”

“மெல்லும் தசைகள்ல பக்கவாதம் மாதிரி…”

“எனக்கு மாட்டு வைத்தியம் தெரியாது டாக்டர். கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க.”

முத்திருளப்பன் கொஞ்சம் யோசித்தார்.

“தீனியைக் கடிக்குது. மெல்ல முடியலை. கன்னத்துல அடைச்சு வெச்சுக்குது. மெல்லும்போது தலையை ஒருபக்கமாச் சாய்க்குது. சாய்ச்சாத்தான் தீனி வெளியே விழாம இருக்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அசை போடும்போதும் அப்படித்தான். எச்சில் நூல் மாதிரி ஒழுகுது. கன்னச் சதை வத்திப்போச்சு. காய்ச்சல் இல்லை. வெறி இல்லை. கூப்பிட்டா திரும்பிப் பார்க்குது. பசியோடதான் இருக்கு.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது.

“இதுல எதையாவது தேடினீங்களா?”

“இதெல்லாம் அறிகுறி மேடம். நோய் இல்லையே.”

ஷாஜிதா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, “நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப தர்காவுல கந்தூரித் திருவிழாவுக்குப் போயிருந்தோம்” என்றார்.

முத்திருளப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். காலையில் பக்கத்துக் கணினி மாணவர்கள் ‘சாமியார்’ என்று சொன்னது சரிதான் என்று தோன்றியது.

“நல்ல கூட்டம். என் தங்கச்சி காணாமப் போயிட்டா. அத்தா அறிவிப்புக் கொட்டகைக்கு ஓடினாங்க. மைக்கைப் பிடுங்கி ‘பானு, பானு’ன்னு கத்தினாங்க. அறிவிப்பாளர் மைக்கைத் திருப்பி வாங்கிக்கிட்டார். ‘பாய், இந்தக் கூட்டத்துல உங்க மகள் பேரு யாருக்குத் தெரியும்? என்ன கலர் பாவாடை?’ன்னு கேட்டார். அத்தாவுக்குத் தெரியலை. உம்மாதான் சொன்னாங்க. பச்சைப் பாவாடை, ஒத்தைச் செருப்பு, கையில பாதி தின்ன பேரீச்சம்பழம்.”

“கிடைச்சாங்களா?”

“உடனே ஒரு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. ராட்டினத்துக்குப் பக்கத்துல நின்னிருக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவளுக்குக் கேட்டிருக்கு. அத்தா அடிப்பாங்கன்னு பேசாம நின்னிருக்கா.”

முத்திருளப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“திரையைப் போடுங்க” என்றார் ஷாஜிதா.

அவர் போட்டுத் தம் கணக்கைத் திறந்தார்.

“தலை சாய்க்குதுன்னு சொன்னீங்களே, அதை அடிங்க. தாடை தொங்குறதை அடிங்க. எச்சிலை அடிங்க. ஒரு விஷயத்துக்கு என்னென்ன சொல் உண்டோ எல்லாத்தையும் போட்டு நடுவுல ‘ஆர்’ வைங்க, இதுவோ அதுவோ எது இருந்தாலும் வரும். தாடைக்கு டாக்டர் ஒரு சொல் எழுதுவார், மாடு வளர்க்கிறவர் வேற சொல் எழுதுவார். எழுதினவர் யார்னு நமக்குத் தெரியாது.”

முத்திருளப்பன் இரண்டு விரலால் ஆங்கிலத்தில் தட்டினார். தாடைக்கு மூன்று சொல் கிடைத்தது. மெல்லுவதற்கு இரண்டு. எச்சிலுக்கு அவர் நினைத்ததைவிட அதிகம்.

“இப்போ ‘அண்ட்’ போட்டு மாட்டைச் சேருங்க.”

சேர்த்தார். ஆயிரக்கணக்கில் வந்தது நூற்றுக்கணக்காகக் குறைந்தது. இருவரும் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கட்டி, எலும்பு முறிவு, பல் நோய். எதுவும் நெடுங்குறிச்சி மாடு இல்லை.

“இதுவும் இல்லை” என்றார் முத்திருளப்பன்.

ஷாஜிதா திரையை உற்றுப் பார்த்தார். தேடல் பெட்டியின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“எது?”

“இந்த வரி. ‘நாட்’ போட்டு ஒரு சொல் இருக்கு.”

முத்திருளப்பன் குனிந்து பார்த்தார். காலையில் மாணவர் கணினியில் அவரே தேடிய தேடல் அவர் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலேயே இருவரும் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

“அதுவா, செடி. எதைத் தேடினாலும் விஷச்செடி பத்தின கட்டுரையா வந்து விழுந்தது. அரளி, எருக்கு, ஊமத்தை. தொந்தரவா இருந்தது. அதனால அந்தச் சொல் வர்ற கட்டுரை எல்லாம் வேண்டாம்னு நீக்கிட்டேன். உங்க வகுப்புல நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க.”

“தூங்கலையா அப்போ?”

“அதை மட்டும் கேட்டேன்.”

“ஏன் நீக்கினீங்க?”

“சொன்னேனே. தொந்தரவு.”

“தொந்தரவு கட்டுரையாலயா?”

முத்திருளப்பனுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

“மேடம், எங்க ஊரை நீங்க பார்த்ததில்லை. மழை பெய்ஞ்சு வருசம் ரெண்டாகுது. பச்சைன்னு ஒரு புல் கிடையாது. மாடு எந்தச் செடியைத் தின்னப்போகுது?”

“அப்போ எதைத் தின்னுது?”

“வைக்கோல்.”

“மழை இல்லாம நெல் விளைஞ்சதா?”

முத்திருளப்பன் தேடல் பெட்டியின் கடைசி வரியைப் பார்த்தார்.

ஷாஜிதா எழுந்தார். “டீ சொல்லிட்டு வரேன்” என்று வெளியே போனார்.

அவர் திரும்பி வந்தபோது முத்திருளப்பன் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது.

“இன்னும் எடுக்கலையா?”

“எடுத்தா என்ன வரும்னு தெரியும்போல இருக்கு மேடம்.”

ஷாஜிதா டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவராகவே சொன்னார்.

“சீமைக் கருவ நெத்து, மரத்துலேருந்து காய்ஞ்சு விழற காய். போன கோடையில ஊர்க் கூட்டத்துல நான்தான் சொன்னேன். வைக்கோல் இல்லைன்னா நெத்தைப் பொறுக்கிப் போடுங்க, இனிப்பா இருக்கும், மாடு விரும்பித் தின்னும், சத்து இருக்குன்னு. சாக்குச் சாக்காப் பொறுக்கிச் சேர்த்தாங்க. மாடு தேறிச்சு. எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டாங்க.”

“எவ்வளவு போடலாம்னு சொன்னீங்க?”

“சொல்லலை. எனக்கே தெரியாது.”

டீயில் ஆடை படிந்தது. முத்திருளப்பன் ஒரு விரலால் பொத்தானை அழுத்தி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அழித்தார். பிறகு மறுபடி தேடினார்.

மேலேயே வந்தது. கடல் தாண்டிய தேசத்தில், அவருடைய ஊரைப் போலவே வறண்ட ஒரு பகுதியில் எழுதப்பட்ட கட்டுரை. அதே மரம். மாடுகள் அதன் நெற்றை மாதக்கணக்கில் தின்றிருக்கின்றன. தாடையை அசைக்கும் நரம்புகள் கெட்டுப் போயிருக்கின்றன. அங்கே மாடு வளர்ப்பவர்கள் அந்த நோய்க்குத் தங்கள் மொழியில் ‘கோணல் முகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டுரையில் ஒரு புகைப்படம் இருந்தது. மெலிந்த மாடு ஒன்று தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றது.

“இது எங்க ஊர்ப் பஞ்சவர்ணத்தோட மாடு” என்றார் முத்திருளப்பன்.

அவர் சட்டென்று எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“ஊருக்கு. இன்னைக்கே எல்லா நெத்தையும் கொளுத்தச் சொல்லணும்.”

“உட்காருங்க.”

“கிடைச்சிடுச்சே மேடம்.”

“கிடைச்சது சரி. இப்போ நீங்க சொல்லப்போறது தப்புன்னு சொல்ற கட்டுரையைத் தேடுங்க.”

“எதுக்கு?”

ஷாஜிதா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கொடுத்தார்.

முத்திருளப்பன் உட்கார்ந்தார். தரவுத்தளத்தில் அந்த மரத்துக்கு என்ன பெயர் கொடுத்துப் பட்டியலிட்டிருக்கிறார்கள் என்று ஷாஜிதா காட்டினார். அந்தப் பெயரோடு தீவனம் என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினார்கள். கட்டுரைகள் வந்தன. பல தேசங்களில் அதே நெற்றை வேறு தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து போட்டிருக்கிறார்கள். கால்நடைகள் நன்றாகவே இருந்திருக்கின்றன. முத்திருளப்பனுக்குத் தலை சுற்றியது.

“ஒருத்தர் விஷம்கிறார். இன்னொருத்தர் தீவனம்கிறார். யார் சொல்றது சரி?”

“ரெண்டு பேரும் எவ்வளவு போட்டாங்க, எத்தனை மாசம் போட்டாங்க?”

அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார். முதல் கட்டுரையின் மாடுகள் நெற்றைத் தவிர வேறொன்றும் பெரிதாகத் தின்னவில்லை. மற்றவை எல்லாம் கலப்புத் தீவனம். முதல் கட்டுரையைப் பிறகு யார் யார் எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவும் ஷாஜிதா வழி காட்டினார். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் சில மாடுகள் தேறும் என்று அவற்றில் ஒன்று சொன்னது. கன்னம் வற்றியவை தேறுவது கடினம் என்றும் சொன்னது.

மதியம் தாண்டியது. அவர் சாப்பிடவில்லை.

“இன்னும் எத்தனை படிக்கணும்? எப்போ நிறுத்துறது மேடம்?”

“புதுசா எடுக்கிற கட்டுரை எல்லாம் நீங்க ஏற்கெனவே படிச்ச கட்டுரைகளையே மேற்கோள் காட்ட ஆரம்பிக்கும்.”

“அப்போ?”

“அப்போ பஸ்ஸைப் பிடிங்க.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. முத்திருளப்பன் அவர்கள் நடுவே நின்றார்.

“இது வெறிநாய்க்கடி இல்லை. ஒட்டுற நோயும் இல்லை. யாரும் பயப்பட வேண்டாம்.”

“அப்ப என்ன சார்?”

“கருவ நெத்து.”

கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது.

பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள். நான்கு மாடு வைத்திருந்தவள். ஒன்று செத்து மூன்று இருந்தன. அவற்றில் செவலை தொழுவத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டே நின்றது.

“நீங்கதான சார் பொறுக்கிப் போடச் சொன்னீக?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“நல்ல சத்துன்னு சொன்னீக.”

“சத்துதான். அதையே தீனியாப் போட்டா நரம்பைக் கெடுத்துரும். அதை நான் சொல்லலை.”

“ஏன் சொல்லல?” பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினான்.

“தெரியாது.”

“படிச்ச டாக்டர்தானய்யா நீரு?”

“தேடிப் பார்த்திருக்கணும். பார்க்கலை.”

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. அவரை அடிக்க வந்தவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முத்திருளப்பன் நகரவில்லை.

“வண்டியப் பூட்டுங்கடா. இருக்கிற நெத்தப் பூராத்தையும் கொளுத்துங்க” என்றான் அவன்.

“கொளுத்தாதீங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“எச்சில் ஒழுகுற மாட்டுக்கு ஒரு நெத்துகூடக் காட்டாதீங்க. மத்ததுக்குக் கொஞ்சமாக் கலந்து போடுங்க. ஒரு கூடை தீனியில அது கைப்பிடிக் கணக்குல இருக்கட்டும். அதையும் கொளுத்திட்டா ஆடு மாடு எல்லாம் பட்டினியில சாகும். வேற தீனிக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

“இப்பவும் நீங்க சொல்றத நம்பணுமாக்கும்?”

முத்திருளப்பன் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். கட்டுரையிலிருந்து அச்செடுத்தது. அது கை மாறி மாறிப் போனது. பஞ்சவர்ணம் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“இது எந்த ஊரு மாடு?”

“ரொம்ப தூரம். கடலுக்கு அந்தப் பக்கம்.”

“எங்க செவலை மாதிரியே நிக்குது” என்றாள். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் செவலையின் தொட்டியிலிருந்து நெற்றை அள்ளி வெளியே கொட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கொட்டினார்கள்.

முத்திருளப்பன் மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். தம்முடைய யோசனையால்தான் இது நடந்தது என்று சொல்லியே வைக்கோல் கேட்டார். மேலதிகாரி ஒருவர் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். வறட்சிக் கிடங்கிலிருந்து வைக்கோல் வந்தது. போதவில்லை. மறுபடி போய்க் கேட்டார். மறுபடி வந்தது. பரிசோதனை முடிவையும் கட்டுரைகளையும் காட்டியபிறகு சொசைட்டி பாலை வாங்கத் தொடங்கியது. அடிமாட்டு லாரி போய்விட்டது.

கொஞ்சமாக எச்சில் ஒழுகிய மாடுகள் ஒவ்வொன்றாகத் தேறின. கன்னம் வற்றியவை தேறவில்லை. முத்திருளப்பன் தினமும் பஞ்சவர்ணத்தின் தொழுவத்துக்குப் போனார். கஞ்சியைக் காய்ச்சி ஆறவைத்துச் செவலைக்கு ஊட்டினார்கள். அவர் தலையைப் பிடித்துக்கொள்வார், அவள் ஊற்றுவாள். பாதி வழிந்துவிடும். செவலை கொஞ்சம் கொஞ்சமாக எலும்பானது. ஒரு விடியற்காலையில் செத்துப்போனது.

முத்திருளப்பன் போனபோது பஞ்சவர்ணம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னால வந்துச்சு” என்றார்.

“சொன்னது நீங்க. போட்டது நான்” என்றாள் பஞ்சவர்ணம். “அது ரெண்டு பேரையும் நம்புச்சு.”

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குழி வெட்டுகிறவர்கள் வரும்வரை இருவரும் எழவில்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. புல் முளைத்தது.

அதற்கும் சில வாரம் கழித்து முத்திருளப்பன் மறுபடி நூலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கட்டுரை. நெடுங்குறிச்சி மாடுகளைப் பற்றி அவரே எழுதியது. ஒரு ஆய்விதழுக்கு அனுப்பவேண்டும். மேற்கோள்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஷாஜிதா பார்த்துச் சொல்லவேண்டும்.

ஷாஜிதா மேற்கோள்களைப் பார்த்தார். ஒன்றிரண்டைத் திருத்தினார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் முழுவதையும் படித்தார். சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. அறிகுறிகள், பரிசோதனை, புகைப்படங்கள், தேறியவை, தேறாதவை எல்லாம் இருந்தன.

“இந்த வரி” என்றார். “‘மாடுகளுக்கு நெற்று தீவனமாக அளிக்கப்பட்டது.’ யாரால?”

“மாட்டுக்காரங்களால.”

“யார் சொல்லி?”

முத்திருளப்பன் நெளிந்தார்.

“ஆய்வுக் கட்டுரையில அதெல்லாம் எழுதுற வழக்கம் இல்லை மேடம்.”

“சரி” என்று கட்டுரையை அவரிடம் கொடுத்தார் ஷாஜிதா. வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

முத்திருளப்பன் போகவில்லை. கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் ஒளிக்கலை. ஊர் முன்னால நின்னு சொன்னேன். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தேன். பஞ்சவர்ணத்துகிட்ட சொன்னேன். சொல்லவேண்டியவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இதுலயும் எழுதணுமா? யாருக்கு என்ன பிரயோஜனம்?”

“இதை யாருக்காக எழுதினீங்க?”

“எங்கேயாவது இன்னொரு ஊர்ல இதே மாதிரி மாடு நிக்கும். அங்கே ஒரு டாக்டர் முழிச்சிட்டு இருப்பார். அவர் தேடினா கிடைக்கணும்.”

“அவர் மாட்டுக்காரங்களுக்கு என்ன யோசனை சொல்லியிருப்பார்?”

முத்திருளப்பன் சன்னல் பக்கம் பார்த்தார். “நான் சொன்னதைத்தான்” என்றார்.

“அவர் எதை நீக்கிட்டுத் தேடுவார்னு உங்களுக்குத் தெரியும் டாக்டர்” என்றார் ஷாஜிதா. “அவர் தேடுற சொல்லுக்குப் பக்கத்துல அதை வைங்க.”